பங்கை விற்றால்தான் தொழில் வளருமா?

தொழில் தொடங்கினால் முதலீட்டாளரைப் பிடிக்க வேண்டும், அவருக்குக் கம்பெனியில் பங்கு எழுதித் தர வேண்டும், அப்போதுதான் மேலே வர முடியும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. 2021 செப்டம்பரில், சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அதே ஆண்டு டிசம்பரில் ஷார்க் டேங்க் இந்தியா தொலைக்காட்சிக்கு வந்தது. அதிலிருந்து எத்தனை சதவீதம் கொடுத்து எவ்வளவு வாங்கினாய் என்ற கேள்விதான் தொழில் செய்கிறவனின் தகுதியைத் தீர்மானிக்கிறது. மென்பொருள் நிறுவனத்துக்கு அது பொருந்தலாம். உத்திரமேரூர் வட்டாரத்தில் செக்கு போட்டிருப்பவருக்கும், பாரம்பரிய நெல்லை அரிசியாக்கி விற்பவருக்கும் அதே வழியைக் காட்டுவது அநியாயம் என்கிறேன்.

ஒரு மரச்செக்கு ஆலையை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாகை மரச் செக்குகள், மோட்டார், எண்ணெய் தெளிய வைக்கும் பாத்திரங்கள், வாசலில் மாட்டுக்காரர்களுக்காக அடுக்கிய புண்ணாக்கு மூட்டைகள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு போகும். மார்கழியில் விதைத்த இறவைக் கடலை பங்குனி, சித்திரையில் களத்துக்கு வருகிறது. அந்த நேரத்தில் கையில் ரொக்கம் வைத்திருப்பவர்தான் நல்ல காயாகப் பார்த்து வாங்கி இருப்பு வைக்க முடியும். வாங்கியது எண்ணெயாகி, கடைகளுக்குப் போய், தீபாவளி விற்பனையில் காசாகத் திரும்ப ஆறேழு மாதம் ஆகிவிடும். இவருக்குப் பத்து லட்சம் தேவை என்று வையுங்கள். வங்கிக் கடன் கிடைத்தால் அதைவிட மலிவு எதுவும் இல்லை. முதலில் அங்கேதான் போக வேண்டும். அது கிடைக்காதபோதும் போதாதபோதும்தான், “இன்வெஸ்டரைப் பாருங்களேன்” என்ற ஆலோசனை வருகிறது.

பார்த்தால் என்ன நடக்கும்? முதலில் இவர் தன் தனிநபர் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்ற வேண்டும். விற்பதற்குப் பங்கு என்று ஒன்று வேண்டுமே! அதற்கு ஆண்டுதோறும் ஆடிட்டர், கம்பெனிப் பதிவாளருக்குப் படிவங்கள், தவறினால் அபராதம். பிறகு, வந்தவர் 20 சதவீதம் கேட்கிறார் என்று கொள்வோம். அவர் ஆண்டு லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டு அமைதியாக இருக்க வந்தவர் அல்ல. ஐந்து ஆண்டிலோ ஏழு ஆண்டிலோ அந்தப் பங்கைப் பல மடங்கு விலைக்கு இன்னொருவரிடம் தள்ளிவிட்டு வெளியேற வந்தவர். அவருடைய தொழிலே அதுதான். அதில் தவறு இல்லை. ஆனால் உத்திரமேரூர்ச் செக்கு ஆலையில் ஐந்தில் ஒரு பங்கை வாங்க யார் காத்திருக்கிறார்? ஆக, பணம் போட்டவர் நெருக்குவார்: பத்து ஊரில் கிளை திற, தள்ளுபடி கொடு, விற்பனையை ஊதிக் காட்டு, பெரிய கம்பெனி எதற்காவது மொத்தமாக விற்றுவிடு. நெருக்கிப் பயனில்லை என்று தெரிந்தால் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிடுவார். முதல் வழியில் ஆலை கைமாறுகிறது. இரண்டாவதில், எதற்கும் உதவாத ஒரு பங்காளி ஆயுளுக்கும் கூடவே இருக்கிறார்.

ராயல்டி முறை இதற்கு நேர் எதிர். பணம் கொடுத்தவருக்கு மாத விற்பனையில் இத்தனை சதவீதம் என்று கொடுத்து வர வேண்டும். மொத்தம் இவ்வளவு சேர்ந்ததும் கணக்குத் தீர்ந்தது. பங்கு ஒன்றும் கைமாறுவதில்லை, முடிவுகளில் வெளியாள் வாக்கும் இல்லை. விற்பனை படுத்தால் கட்ட வேண்டியதும் படுக்கும், எழுந்தால் எழும். ஏரிப் பாசனத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த ஊர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குத்தகைக்காரர் விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்க வேண்டும். வாரத்தில், ஏரி நிரம்பாத ஆண்டின் நட்டம் நிலத்துக்காரர் தலையிலும் விழுந்தது. வாரம் ஏழையைப் பிழிந்த வரலாறும் உண்டு. நிலக்காரர் அள்ளிக்கொண்டு போனதைக் கட்டுப்படுத்தத்தான் 1956-ல் நியாய வாரச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதனால்தான் சதவீதமும் உச்சத் தொகையும் முன்கூட்டியே எழுதப்பட்ட ராயல்டிக்கு மட்டுமே நான் வாதாடுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். பத்து லட்சத்துக்கு விற்பனையில் 4 சதவீதம், மொத்தம் 18 லட்சம் வரை என்று ஒப்பந்தம். மாதம் ஐந்து லட்சத்துக்கு விற்றால் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். 90 மாதத்தில் முடியும். வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 17, 18 சதவீதத்துக்கு அருகில் வரும். விற்பனை தொடக்கத்திலேயே மாதம் பத்து லட்சமானால் 40,000 ரூபாய் வீதம் 45 மாதத்தில் தீரும். அப்போது அது ஆண்டுக்கு 35 சதவீத வட்டிக்குச் சமம். வேகமாக வளர்கிறவர் அதிக விலை கொடுக்கிறார் என்பது இந்த முறையின் உண்மையான குறை. அதை மறைத்துவிட்டு இதற்காக வாதாடக் கூடாது. சீக்கிரம் முடிப்பவருக்கு உச்சத் தொகையில் தள்ளுபடி என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் 18 லட்சத்தோடு ஆலை முழுக்க அவருடையது. பங்கு விற்றவருக்கு? ஆலை மதிப்பு இரண்டு கோடியாகும் நாளில் அந்த 20 சதவீதம் 40 லட்சம், அதோடும் முடிவதில்லை.

“இது கந்துவட்டிக்கு இன்னொரு பெயர்” என்பார்கள். 2003-ல் தமிழ்நாடு தடை செய்த கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் உயிரே காலம்தான்: செக்கு ஓடாத நாளிலும் வட்டி ஓடும், கட்டத் தவறினால் குட்டி போடும். ராயல்டி, விற்பனை நின்ற நாளில் நிற்கிறது; மொத்தம் எவ்வளவு என்பது கையெழுத்திடும் அன்றே தெரியும். நட்டத்திலும் விற்பனையிலிருந்து எடுக்கிறார்களே என்ற கேள்வி அதைவிட வலுவானது. அதனால்தான் சொல்கிறேன்: நூறு ரூபாய் விற்பனையில் மூன்று ரூபாய் மிஞ்சும் மளிகை மொத்த வியாபாரத்துக்கு இது ஆகாது, நாலு சதவீதம் அவருடைய முழு லாபத்தையும் தின்றுவிடும். தன் கைவேலையால் பொருளுக்கு மதிப்புக் கூட்டி, இருபது ரூபாயாவது நிற்கும்படி விற்பவருக்கே இது ஏற்றது. செக்கு எண்ணெய், தறியிலிருந்து நேராகப் போகும் சேலை, தேன், சிறு இயந்திரம் செய்யும் பட்டறை ஆகியவை அந்த வகை.

இந்தியாவில் இது எப்போதும் விசித்திரமாக இருந்ததில்லை. இங்கே துணிகர முதலீடு தொடங்கிய எண்பதுகளில் சில நிதி நிறுவனங்கள் ‘நிபந்தனைக் கடன்’ என்ற பெயரில் இதைத்தான் கொடுத்தன: வட்டி இல்லை; விற்பனை தொடங்கிய பிறகு ராயல்டி. 1996-ல் வந்த செபி விதிகளும் அவற்றின் திருத்தங்களும், துணிகர நிதிகள் தம் பணத்தின் பெரும்பகுதியைப் பங்குகளிலும் பங்கு சார்ந்த பத்திரங்களிலும் போட வேண்டும் என்றன. அதோடு நிபந்தனைக் கடன் மறைந்தது; பங்கு ஒன்றே வழி என்ற எண்ணம் வளர்ந்தது. ஆனால் அதே 1996-ல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம், 5 சதவீத எளிய வட்டியோடு, அந்தக் கடனால் உருவான பொருளின் விற்பனையில் அரை சதவீதம் ராயல்டி வாங்கும் முறையைக் கடைப்பிடித்தது. 1997-ல் இந்தியாவில் செய்த மஞ்சள்காமாலை-பி தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ், அந்த வாரியத்தின் தொடக்ககால உதவி பெற்ற நிறுவனம். தடுப்பூசி ஆலைக்கு ஏற்றது எண்ணெய் ஆலைக்கு ஆகாதா?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கோ வெளியாருக்குப் பங்கு விற்கும் வழியே இல்லை. 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுப்படி அவற்றில் பங்கு வைத்திருக்க உற்பத்தியாளர்களுக்கும் அவர்களின் அமைப்புகளுக்கும்தான் உரிமை. வெளி முதலீட்டாளருக்கு ஒரு பங்குகூட விற்க முடியாது. அந்தச் சட்டம் விவசாயிக்கு வேலி. அதைத் தளர்த்தச் சொல்லும் குரல்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலியைத் தொடாமல் பணத்தை மட்டும் உள்ளே விட ராயல்டியால் முடியும்.

இந்த முறை நிற்பதும் விழுவதும் கணக்கில். கரும்பில் அந்தப் பாடம் கிடைத்திருக்கிறது. மாநிலப் பரிந்துரை விலையைக் கைவிட்டு, ஆலையின் வருவாயைப் பகிரும் முறைக்குத் தமிழ்நாடு மாறி, 2018-ல் சட்டமும் இயற்றியது. விவசாயிகள் எதிர்த்தார்கள். பரிந்துரை விலை போனது முதல் குறை. ஆனால் வருவாய்க் கணக்கு முழுவதும் ஆலையின் கையில் இருக்கும்போது, பகிர்வு என்ற சொல்லை நம்பச் சொல்வதும் அநீதிதான். அதுபோல, ராயல்டியில் ஏமாறக்கூடியவர் பணம் கொடுத்தவர். விற்றதைக் குறைத்துக் காட்டினால் அவருக்கு வழியில்லை என்பது முன்பு நியாயமான அச்சம். இப்போது ஜிஎஸ்டி தாக்கலும் யுபிஐ வரவும் இருக்கின்றன. விற்பனைப் பணம் ஒரே வங்கிக் கணக்கில் விழ வேண்டும், இருவரும் அதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினால் பெரும்பகுதி தீர்ந்தது. உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது பெரிய நிபந்தனையே அல்ல. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் இந்த ஊர்ச் சபை எழுதிவைத்த விதிகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் மட்டுமன்றி உறவினர் பெயரும் குடவோலைக் குடத்தில் விழக் கூடாது என்று இருக்கிறது.

மாநில அரசு இங்கே ஒன்று செய்யலாம். அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் திட்டம், புதிய நிறுவனங்களுக்குத் தொடக்க முதலீடு கொடுத்து 3 சதவீதப் பங்கு பெறுகிறது. தாராளமான திட்டம்தான், வாங்கியவருக்கு நட்டமில்லை. ஆனால் பங்கைப் பெறுகிற எவர் கண்ணுக்கும் அடுத்த சுற்று முதலீடு வாங்கப்போகிறவரே முதலில் தெரிவார். வட்டாரச் சந்தையோடு நிற்கும் ஆலை தெரியாது. அப்படிப்பட்ட ஆலையில் அரசிடம் இருக்கும் 3 சதவீதப் பங்கு ஒருநாளும் பணமாகாது. எனவே கிராமத் தொழில்களுக்கும் உழவர் நிறுவனங்களுக்கும் டான்சீட்டோடு ஒரு ராயல்டி வழியையும் திறக்க வேண்டும்: 10 லட்சம், ஓர் அறுவடைப் பருவம் வரை விலக்கு, பிறகு விற்பனையில் 3 சதவீதம், மொத்தம் 12 லட்சத்தோடு முடிவு. மாதம் ஐந்து லட்சம் விற்கும் ஆலை 80 மாதத்தில் அதைக் கட்டி முடித்துவிடும். அந்தப் பணம் அடுத்த ஆலைக்குப் போகலாம்.