ஒரு ரப்பும் பதினாறு பிள்ளைகளும்



எங்கள் உரும்பிராயில் ஒரு வாசிகசாலையின் பின்விறாந்தையில் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு நடக்கிறது. பதினாறு பிள்ளைகள், ஒரு கரும்பலகை, ஒரு ரப். பெரும்பாலான வீடுகளில் தாய்தான் குடும்பத் தலைவி. பிள்ளைகளிற் பலர் போரைக் கண்டதில்லை. ஆனால் போர் தின்றுவிட்ட வீடுகளில் வளர்கிறார்கள்.

இந்த வகுப்பு 2021 இல் தொடங்கியது. அதற்கு முந்திய வருடம் மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதும், படிப்பெல்லாம் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனது உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனை வீட்டில் போன் இருந்தது? ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, 2009 இல், தகப்பன் காணாமற் போனார். வீட்டில் இருந்த ஒரே போன் யாழ்ப்பாணம் ரவுணில் கடையில் நிற்கும் தமையனிடம். அவன் இரவு ஒன்பது மணிக்கு வருவான். வகுப்போ காலையில். பாடசாலை திறந்தபோது பிள்ளை கணிதத்தில் எவ்வளவோ பின்தங்கிவிட்டாள். கடைசி வாங்கிலில் போய் ஒளித்துக்கொண்டாள். தாய் என்னிடம் வந்து, “படிப்பு ஏறேல்லை ரீச்சர். பதினாறு முடிஞ்ச உடனை தையலுக்கு விடப்போறன்” என்றார். பதினாறு வயதுவரை பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று 2016 இல் சட்டம் வந்ததால்தான் அதுவரையாவது பொறுத்தார்.

என் பிழையையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் ரப் ஒன்று அனுப்பினார். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்து, நானே பாடங்களைத் தெரிந்து, நானே கையில் வைத்துக்கொண்டு காட்டினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மூன்று கிழமையில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். ரப் வந்தது, என் பிரம்பு போகவில்லை என்று இப்போது சிரிக்கிறேன்.

ஒருநாள் அந்தப் பிள்ளைதான் மெல்லக் கேட்டாள்: “ரீச்சர், அதை நிப்பாட்டித் திருப்பிப் போடலாமோ? எனக்கு விளங்கேல்லை.” மற்றப் பிள்ளைகளும் உடனே, எங்களுக்கும் விளங்கேல்லை என்றார்கள். அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

எனக்கு அப்போது தொண்ணூறுகள் நினைவுக்கு வந்தன. மின்சாரம் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாலே சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். ஒருவர் சுற்றினால்தான் மற்றவர்கள் கேட்கலாம். யார் எவ்வளவு நேரம் சுற்றுவது, எப்போது பாட்டு, எப்போது செய்தி என்று சிறுவர்களாகிய நாங்களே பேசித் தீர்த்தோம். பெரியவர்கள் தலையிட்டதில்லை. அப்போது எங்களுக்கிருந்த உரிமையை இந்தப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கவில்லையே!

மறுநாள் ரப்பை நடுவில் வைத்துவிட்டு, “நீங்களே சொல்லுங்கோ” என்றேன். ஒரு மணித்தியாலம் சண்டை. முடிவில், கிழமைக்கு ஒரு பிள்ளை ரப்புக்குப் பொறுப்பு. சனிக்கிழமை ஒரு வீட்டு இணைப்பில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்வது. பிறகு டேற்றாச் செலவில்லை. அரசாங்கப் பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவிலும் பாடங்கள் உண்டு. இவற்றைத் தேடிப் பிடித்ததும் பிள்ளைகள்தான். 2022 இல் தாள் தட்டுப்பாடும் நீண்ட மின்வெட்டும் வந்தபோது, பகலில் சார்ஜ் ஏற்றி வைத்த இந்த ரப்தான் எங்களுக்குப் புத்தகமும் விளக்கும்.

இன்னொரு முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. பரீட்சைப் புள்ளிகளைத் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்றார்கள். நான் விடவில்லை, தாய்மாருக்குத் தெரிய வேண்டாமா என்று வாதாடினேன். அப்போது அந்தப் பிள்ளை எழும்பி, “எங்கட அம்மா எழுத்துக்கூட்டி வாசிக்கிறவ. குறூப்பிலை என்ரை பதினெட்டுப் புள்ளியை எல்லாரும் பாக்க, அவ சந்தையிலை தலைகுனிஞ்சு நிக்கிறா” என்றாள். கை உயர்த்தச் சொன்னோம். பதினைந்துக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று நான். அன்றிலிருந்து புள்ளியை ஒவ்வொரு தாய்க்கும் தனியாகச் சொல்கிறேன். இப்போது தாய்மார் பயமில்லாமல் வந்து கதைக்கிறார்கள்.

சிறுவரின் கருத்துக்கும் இடம் வேண்டும் என்று ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991 இலேயே ஏற்றுக்கொண்டது. கூட்டங்களில் நானும் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். என் வகுப்புக்குள் வர இவ்வளவு காலம் எடுத்தது.

வகுப்புக்கு வரமுடியாத பிள்ளைக்காக, விளங்கிய ஒருவர் கணக்கைத் தன் பேச்சிலேயே மூன்று நிமிடம் சொல்லிக் குரல் பதிவாக அனுப்புவது என்பதும் அவர்களின் யோசனை. அதை ஒரு தாய் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே கேட்கிறார். 1995 இடப்பெயர்வோடு எட்டாம் வகுப்பில் படிப்பை விட்டவர். ஒருநாள் என்னிடம், “அந்தக் காரணிப்படுத்தல் எனக்கு விளங்கீட்டுது, என்ரை பெடியனுக்குத்தான் விளங்கேல்லை” என்றார். கேரளத்தில் 2018 இலிருந்து ‘லிற்றில் கைற்ஸ்’ என்ற மாணவர் கழகங்கள் பாடசாலைகளில் இயங்குகின்றன. 2022 இல் அந்தப் பிள்ளைகளே தாய்மாருக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். போனில் வரும் ஏமாற்றுக்காரரால் பணம் இழந்த சகோதரிகள் எங்களிடையேயும் இருப்பதால், இதையும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாம் சரிவந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு பெடியன் எங்கள் கையை விட்டுப் போய்விட்டான். மேசன் வேலைக்குப் போகிறான். இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், முகம் கொடுக்கவில்லை. அவனுக்குக் குரல் பதிவுகள் மட்டும் இன்னும் போகின்றன. கேட்கிறானோ தெரியாது, நீலக் குறி விழுகிறது.

அந்தப் பிள்ளை 2024 மே மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். கணிதத்தில் ‘சி’. தாய் தையல் கதையை இப்போது எடுப்பதில்லை. பிள்ளை உயர்தரம் படித்துக்கொண்டே வியாழக்கிழமைகளில் வந்து சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். போன கிழமை அவர்கள் அவளையும் எதிர்த்து வாக்குப் போட்டார்கள். வேகமாகச் சொல்கிறாவாம்.