உடல் வளர்ந்தது; உலகம் வளரவில்லை

அமெரிக்காவின் நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிடத் தொடங்கிய ‘ஸ்ரேஞ்சர் திங்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடர், ஐந்து பருவங்களைக் கடந்து 2025ஆம் ஆண்டின் முடிவோடு தானும் முடிவெய்தியது. இந்தியானா மாநிலத்திலே ஹோக்கின்ஸ் என்றொரு கற்பனைச் சிற்றூர். 1983ஆம் ஆண்டில் தொடங்கும் காலம். தலைகீழான இருண்ட உலகொன்றிலிருந்து வரும் பூதங்கள். அவற்றை எதிர்த்து நிற்கும் சில பள்ளிச் சிறுவர்கள்: இவையே தொடரின் உள்ளடக்கம். எமது மாணவரிடையேயும் இதற்கு ரசிகர் உளர். அவர்களும், அவர்களுக்கு வழிகாட்டப் புகுந்த விமர்சகர் சிலரும் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லி வருகின்றனர். இத்தொடரின் பெருமை பூதத்திலன்று, பாத்திர வளர்ச்சியிலேயே தங்கியிருக்கிறது என்பதும், பருவத்துக்குப் பருவம் அப்பிள்ளைகள் எம் கண்முன்னே வளர்ந்தார்கள் என்பதுமே அவர்களது கூற்று.

பிள்ளைகள் வளர்ந்தனர் என்பதை மறுப்பாரில்லை. வளர்ந்தது எது என்பதே கேள்வி. ஒரே நடிகரை ஒன்பது ஆண்டுகள் படம்பிடித்தால் அவர் உயரம் கூடும், குரல் உடையும், மீசை அரும்பும். இஃது இயற்கையின் வேலை. இதற்குக் கலைஞனின் உதவி தேவையில்லை. கலையில் நாம் வளர்ச்சி என்று கூறுவது வேறு. ஒரு மனிதன் தான் வாழும் சூழலோடு மோதி, அம்மோதலினால் அச்சூழலின் இயல்பை அறிந்து, அவ்வறிவினால் தன்னையும் மாற்றிச் சூழலையும் மாற்ற முனைவதே பாத்திர வளர்ச்சி. இந்த அளவுகோலைக் கையிலெடுத்தால், ‘ஸ்ரேஞ்சர் திங்ஸ்’ பிள்ளைகள் பருவத்துக்குப் பருவம் வளரவில்லை. வளர விடாது தடுக்கப்பட்டனர் என்பது புலனாகும்.

முதற் பருவத்துக்கு உரிய மதிப்பை முதலிற் கொடுத்துவிடுவோம். வில் என்னும் சிறுவன் ஏன் காணாமற் போகிறான்? பூதம் கொண்டுபோனது என்பது பாதி விடையே. அன்றிரவு அவன் தாய் ஜோய்ஸ் கடையிலே வேலை செய்துகொண்டிருந்தாள். அண்ணன் ஜொனதன் வீட்டுச் செலவுக்குப் பணம் போதாமையால் வேறொருவனின் வேலைநேரத்தையும் ஏற்றிருந்தான். ஆகவே பிள்ளை வெறும் வீட்டுக்குத் தனியே சைக்கிளில் வந்தான். மகனைத் தேடும் தாய், எரிந்துபோன தொலைபேசிக்குப் பதில் இன்னொன்று வாங்குவதற்குக் கடை முதலாளியிடம் முன்பணம் கேட்டு நிற்கிறாள். பூதத்தைத் திறந்துவிட்டது யார்? அரசாங்கத்தின் ஆராய்ச்சிக்கூடம். இலெவன் என்று எண்ணாற் பெயரிடப்பட்ட சிறுமி, தாயிடமிருந்து பறிக்கப்பட்டு அங்கே கருவியாக வளர்க்கப்படுகிறாள். இது முழுக் கற்பனையன்று. அமெரிக்க உளவு நிறுவனமான சீ.ஐ.ஏ. 1953இல் தொடங்கிய ‘எம்.கே. அல்ற்றா’ என்னும் திட்டத்தின்கீழ் அறியாத மனிதருக்குப் போதை மருந்தூட்டிச் சோதனைகள் நடத்தியமை 1970களில் அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணைகளிலேயே வெளிவந்த செய்தி. வறுமை, தனிமை, அரசின் இரகசியக் குற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அப்பருவத்தின் அச்சத்தைத் தோற்றுவித்தன. அவ்வச்சம் உண்மையானது, அதனால் அப்பிள்ளைகளும் உண்மையாயிருந்தனர்.

இரண்டாம் பருவத்திலே ஒரு காட்சி வருகிறது. ஆராய்ச்சிக்கூடத்தின் குற்றத்தை நான்சியும் ஜொனதனும் ஒலிநாடாவிற் பதிந்து, மரே என்னும் துப்பறிவாளரிடம் கொண்டு செல்கின்றனர். முழு உண்மையை மக்கள் விழுங்கமாட்டார்கள் என்று கூறும் அவர், கடுமையான மதுவில் நீரைக் கலந்து காட்டி, உண்மைக்கும் அதையே செய்வோம் என்கிறார். இளைஞர் இருவரும் உடன்படுகின்றனர். கொல்லப்பட்ட தோழி இரசாயனக் கசிவினால் இறந்தாள் என்ற கதை ஊருக்குச் சொல்லப்படுகிறது; ஆராய்ச்சிக்கூடம் மூடப்படுகிறது; அரசு தப்பிக்கொள்கிறது. தொடரை ஆக்கியோர் தமது முறையை இதைவிடத் தெளிவாக அறிவித்திருக்க முடியாது. அதன்பின் வந்த பருவங்கள் யாவும் நீர் கலந்த மதுவே.

மூன்றாம் பருவத்தின் காலம் 1985ஆம் ஆண்டுக் கோடை. ஊருக்குப் பெரும் அங்காடித் தொகுதியொன்று வந்துவிட்டது. சிறு கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. ஜோய்ஸ் வேலை செய்யும் கடை ஆளின்றிக் கிடக்கிறது. ஊரார் நகரபிதாவின் பணிமனை முன் கூடி ஆர்ப்பாட்டம் செய்கின்றனர். பெருமுதலின் காலடியில் சிறுவணிகமும் அதை நம்பியோரும் நசுங்கும் இக்காட்சி அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றின் மெய்யான வரலாறு. இங்கே பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி வாயிலில் வந்து நிற்கிறது. தொடர் அளிக்கும் விடையைப் பாருங்கள்: அங்காடியின் அடியிலே ரஷ்யர் ஒளிந்திருக்கின்றனர்! நகரபிதாவைக் கைக்குள் போட்டுக்கொண்டு நிலத்தை வளைத்தவர்களும் அவர்களேயாம். ஊரைத் தின்ற முதலாளித்துவத்தின் பழி, பத்தாயிரம் கல் தொலைவிலிருந்து வந்த பொதுவுடைமைப் பகைவன் தலையிலே சுமத்தப்படுகிறது. றேகன் ஆட்சியின் பிரசாரகர் எழுதியிருந்தாலும் இவ்வளவு துணிவாக எழுதியிருப்பாரோ என்பது ஐயமே.

இதே பருவத்தில் இலெவன் எவ்வாறு ‘வளர்கிறாள்’? தோழி மக்ஸ் அவளை அங்காடிக்கு அழைத்துச் செல்கிறாள். கடை கடையாக ஏறி உடைகளைப் போட்டுப் பார்த்து, வண்ணச் சட்டையோடு வெளிவரும்போது, தான் யாரென்பதைக் கண்டுகொண்டாள் என்று நமக்கு உணர்த்தப்படுகிறது. எண்ணாக வளர்க்கப்பட்ட சிறுமிக்கு விடுதலை, வாங்குவோர் கூட்டத்தில் ஒருத்தியாவதுதான்! பத்து வயது எரிக்காவின் வாயில் முதலாளித்துவத்தின் புகழ் நகைச்சுவையாக வைக்கப்படுகிறது. வாழ்நாள் முழுவதும் இலவச ஐஸ்கிறீம் என்ற கூலிக்கு அவள் உயிராபத்தான வேலைக்கு இசைகிறாள். கொக்கா கோலா நிறுவனம் 1985இல் விற்றுத் தோல்வி கண்ட ‘நியூ கோக்’ பானம் கதைக்குள் இடம்பெறுகிறது. 2019இல் தொடர் வெளிவந்த வேளையில் அந்நிறுவனம் அப்பானத்தை மீண்டும் விற்பனைக்கும் விட்டது. கடந்தகால ஏக்கம் என்பது இங்கே ஓர் உணர்ச்சியன்று, ஒரு சரக்கு.

வர்க்கத்தைப் பற்றிய பேச்சே இல்லையா என்று கேட்கலாம். ஓரிடத்தில் உண்டு. ஊர்ப் பத்திரிகையில் பயிலுநராயிருக்கும் நான்சியும் ஜொனதனும் வேலை இழக்கின்றனர். வசதியான வீட்டுப் பெண்ணாகிய அவளுக்கு அது அவமானம். வாடகைக்கும் சோற்றுக்கும் உழைக்கும் அவனுக்கு அது பேரிழப்பு. இருவரும் காருக்குள் வாதிடுகின்றனர். அவள் பெண்ணென்பதால் ஆடவரால் இகழப்பட்டவள், அவன் ஏழை. இரு அநீதிகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளக்கூடிய அரிய தருணம் அது. ஆனால் முடிவென்ன? நான்சி தேடிய செய்திக்குப் பின்னே பூதம் இருந்தமை தெரியவந்ததும் ஜொனதன் மன்னிப்புக் கேட்கிறான். பூதம் வந்து ஏழையின் வாதத்தைத் தள்ளுபடி செய்துவிட்டது.

லூக்கஸின் கதையும் அத்தகையதே. இரண்டாம் பருவத்திலே, கறுப்பினச் சிறுவனாகிய அவன், விழா வேடத்துக்கு ஒரு திரைப்படத்தின் கறுப்பினப் பாத்திரம் ஏன் தனக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று கேட்க, நண்பன் மைக் பதிலின்றித் தடுமாறுகிறான். சிறிய காட்சிதான், ஆயினும் அதற்குள் ஒரு நாட்டின் வரலாறு இருக்கிறது. அதே பருவத்தில் மக்ஸின் மாற்றாந்தந்தையின் மகனான பில்லி, அவனோடு பழகலாகாதென அவளை மிரட்டி, அவனைத் தாக்கவும் செய்கிறான். அடுத்த பருவத்தில் பில்லி உயிர்த்தியாகம் செய்து புனிதனாகிறான். அவன் நெஞ்சிலிருந்த நிறவெறி எங்கே போயிற்று என்பதும், லூக்கஸ் அதை எவ்வாறு தாங்கினான் என்பதும் சொல்லப்படவேயில்லை.

நான்காம் பருவத்திலே தலைகீழ் மாற்றம் முற்றுப்பெறுகிறது. தீமையின் மூலம் ஆராய்ச்சிக்கூடமன்று, வெக்னா என்னும் தனிமனிதனே என்று வெளிப்படுகிறது. ஆராய்ச்சிக்கூடம் அவனைத் தீண்டுமுன்பே, 1959இல், சிறுவனாயிருந்தபோதே தாயையும் சகோதரியையும் கொன்றவன் அவன். அரசு செய்த குற்றம் ஒரு தீய பிள்ளையின் பிறவிக் குணமாகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகளின் துயரும் அவ்வாறே உள்ளத்துக்குள் அடைக்கப்படுகிறது. மக்ஸின் தாய் கணவனாற் கைவிடப்பட்டு, இழுவைக் கூண்டு வீடுகளின் நடுவே குடியேறி, இரண்டு வேலை செய்து, குடியில் ஆறுதல் தேடுகிறாள். இவையெல்லாம் பின்திரைச் சித்திரம். முன்னே நிற்பது மக்ஸின் குற்றவுணர்ச்சி. அதற்கு மருந்து கேற் புஷ் 1985இற் பாடிய ஒரு பாடல். 2022இல் அப்பாடல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தாயின் இரு வேலைகள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

நேர்மையாகக் கூறுவதானால், ஆக்கியோரையும் மீறி உண்மை தலைகாட்டும் இடங்கள் இல்லாமலில்லை. பள்ளியில் இழிவுபட்டு அலுத்த லூக்கஸ் கூடைப்பந்தாட்டக் குழுவிற் சேர்ந்து மதிப்புப் பெற விரும்புகிறான். அதே குழுவினர் ஏழை இளைஞன் எடியைச் சாத்தானின் அடியான் என்று பழித்து வேட்டையாடப் புறப்படும்போது, அவன் அவர்களை விட்டு நண்பர் பக்கம் வருகிறான். செல்வச் செருக்கோடு தொடங்கிய ஸ்ரீவ், கல்லூரி கிட்டாது கடையில் ஏவலாளாகி, பிறர் பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பினால் மனிதனாகிறான். சூழலோடு மோதி மாறும் பாத்திரங்கள் இவை. இவ்விருவரையும் ரசிகர் நேசிப்பது வீணன்று. அந்த வாய்ப்பு ஏனையோருக்கு ஏன் மறுக்கப்பட்டது என்பதே எமது வினா.

ஐந்தாம் பருவத்தில், 1987ஆம் ஆண்டிலே, தான் பெண்களை விரும்புபவனல்லன் என்பதை வில் தாயிடமும் நண்பரிடமும் சொல்கிறான். அனைவரும் அவனை அணைத்துக்கொள்கின்றனர். அணைப்பை நாம் குறைகூறவில்லை. ஆனால் அதே இந்தியானா மாநிலத்தில் அதே ஆண்டுகளில் நடந்தது என்ன? 1971இற் பிறந்த றயன் வைற், ஏறத்தாழ இத்தொடரின் சிறுவர்களுடைய வயதினன்; கொக்கோமோ நகரத்தவன். குருதி உறையா நோய்க்கு ஏற்றப்பட்ட மருந்தின் வழியே எயிட்ஸ் தொற்றிற்று. 1985ஆம் ஆண்டுக் கோடையிலே, அங்காடியின் அடியில் ரஷ்யர் தோண்டிக்கொண்டிருந்ததாகத் தொடர் கூறும் அதே கோடையிலே, அவனுக்குப் பள்ளிக் கதவு அடைக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பெற்றோரும் ஏறத்தாழ 50 ஆசிரியரும் அவனைச் சேர்க்க வேண்டாமென்று கையொப்பமிட்டனர். பின்னர் அவன் வீட்டுச் சன்னலைத் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. ஆசிரிய நண்பர்களே, ஹோக்கின்ஸில் இதைவிடக் கொடிய பூதம் உலாவியதுண்டா?

1987இல் அக்குடும்பம் சிசெரோ என்ற வேறோர் ஊருக்குப் பெயர்ந்தது. அங்குள்ள பள்ளி மாணவருக்கு நோயைப் பற்றிய பாடம் முன்கூட்டியே நடத்தப்பட்டிருந்தது. அவன் வந்த முதல் நாள் அவர்கள் அஞ்சாது அவன் கையைப் பற்றிக் குலுக்கினர். றயன் 1990 ஏப்ரலில், 18 வயதில் இறந்தான். அவ்வாண்டிலேயே அவன் பெயரால் நோயாளருக்கு உதவும் சட்டம் இயற்றப்பட்டது. அறியாமையோடு மோதி, அறிவினால் அச்சத்தை வென்று, ஊரின் வழக்கத்தையே மாற்றிய இளைஞர் இந்தியானாவில் உண்மையாகவே இருந்தனர். மந்திர சக்தி எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு பாடம். இவ்வளவு கதையை மண்ணில் வைத்துக்கொண்டு, வெறுப்பே இல்லாத ஒரு 1987ஐக் காட்டுவது வில்லுக்குச் செய்யும் கருணையன்று. அவன் போன்றோர் பட்ட பாட்டை அழித்தெழுதுவதாகும்.

பேய்க்கதையிலே வரலாற்றைத் தேடலாமா என்று சிலர் சினப்பர். காலத்தைத் தேர்ந்தவர்கள் நாமல்லர், அவர்களே. சோடாக் குவளையின் எழுத்து, சைக்கிளின் விளக்கு, ஒலிநாடாவின் உறை என்பவற்றிலே எள்ளளவும் பிசகக்கூடாதென்று பெரும் பொருள் செலவிட்டவர்கள், 1981இல் றேகன் 11,000க்கு மேற்பட்ட விமானப் போக்குவரத்துத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்காக ஒரேயடியாக நீக்கிய காலம் இது என்பதை மட்டும் மறந்துவிடுகின்றனர். பொருள்களில் இத்தனை கண்டிப்பு. மனிதரில் இத்தனை மறதி! தொடரை ஆக்கிய டபர் சகோதரர் பிறந்தது 1984இல். ஆகவே அவர்கள் ஏங்குவது தாம் வாழ்ந்த 1983க்கு அன்று. அக்காலத்துத் திரைப்படங்கள் விற்ற 1983க்கே. பிம்பத்தின் பிம்பத்துக்குள் பிள்ளைகளைக் குடியேற்றினால் அவர்கள் எங்ஙனம் வளர்வர்?

முடிவைப் பாருங்கள். இராணுவம் தன் இரத்தத்தைத் தொடர்ந்து வேட்டையாடாதிருக்க, இலெவன் தானே இல்லாமற் போக வேண்டியிருக்கிறது. அவள் எங்கோ உயிரோடிருக்கக்கூடும் என்ற கதையை மைக் நண்பருக்குச் சொல்லி ஆறுதல் தேடுகிறான். குற்றம் செய்தது அரசு. தண்டனை ஏற்றவள் சிறுமி. எஞ்சியோருக்குக் கிடைத்தது ஒரு கதை. இளைஞர் தமது விளையாட்டு நூல்களை அடுக்கில் வைத்துவிட்டு மேலேற, அடுத்த தலைமுறைச் சிறுவர் அதே நிலவறையில் அதே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். சக்கரம் சுழன்று பழைய இடத்துக்கே வந்து நின்றது. இதனையே வளர்ச்சி என்கின்றனர்.

இத்தொடரைப் பார்க்காதீர் என்று மாணவரைத் தடுப்பது பயனற்றது, முறையுமன்று. அதை விரும்பும் மாணவரிடம் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: வில் காணாமற் போன இரவில் அவன் தாய் ஏன் வீட்டில் இல்லை? அங்காடி வந்ததும் ஜோய்ஸின் கடை ஏன் வெறிச்சோடியது? பிள்ளைகளில் ஒருவரேனும் ஐந்து பருவத்திலும் இவற்றைக் கேட்டாரா? கேட்கத் தெரிந்த மாணவன், அத்தொடரின் பாத்திரங்களுக்கு மறுக்கப்பட்ட வளர்ச்சியைத் தானே அடையத் தொடங்கிவிட்டான்.