கறுப்புத் திரையைக் கண்டு கலங்காதீர்கள்!



"எல்லாம் போயிட்டு, ராத்தா!"

துவாயில் சுற்றிய லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தங்கச்சி எங்கள் வாசற்படியில் வந்து நின்றபோது, வெலிமடையில் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் பயந்துபோனேன். விசாரித்துப் பார்த்தால், ஆனது கணினிக்கு!

சிரித்துவிடாதீர்கள். அவர் தையல் வகுப்பு நடத்துகிறவர். யார் எவ்வளவு தந்தார், யாருடைய சட்டை பாக்கி, யாருக்கு எந்த அளவு என்ற நாலு வருடக் கணக்கும் அதற்குள்தான் இருந்தது. அதைவிடப் பெரிது ஒன்றும் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் மௌத்தான அவருடைய வாப்பா, பேரப் பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லும் வீடியோ. அதற்கு வேறு பிரதி கிடையாது. கணக்கைத் திரும்ப எழுதலாம். அந்தக் குரலை எங்கே போய்த் தேடுவது?

நடந்தது இதுதான். விடுமுறைக்கு வந்த அவருடைய ராத்தாவின் மகன், "சாச்சி, இது பழைய விண்டோஸ். நான் பதினொன்றைப் போட்டுத் தாறேன்" என்று உட்கார்ந்திருக்கிறார். மத்தியானத்துக்குப் பிறகு இடி, மின்னல். கரண்ட் போனது. லெப்டொப்பின் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. பாதி வேலையில் இயந்திரம் அணைந்தது. இப்படி நடந்தால் பெரும்பாலும் கணினி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இம்முறை திரும்பவில்லை. கறுப்புத் திரையும், "தொடங்குவதற்கு எதுவும் இல்லை" என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரியும்தான் மிச்சம். மருமகன் விடவில்லை. ஒரு பென் ட்ரைவில் விண்டோஸ் 10ஐக் கொண்டுவந்து மறுபடியும் முயன்றார். 'இந்த டிஸ்கில் போட முடியாது' என்றது. உடனே, டிஸ்கில் உள்ள பிரிவுகள் அனைத்தையும் 'டிலீட்' செய்யப் போயிருக்கிறார். அந்தக் கையைத் தட்டிவிட்டு லெப்டொப்பைப் பறித்துக்கொண்டு ஓடிவந்ததுதான் அந்தத் தங்கச்சி செய்த காரியம்.

சரியான காரியம்! இந்த மாதம் நான் எழுத வந்ததும் அதைப் பற்றித்தான்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, எத்தனையோ வீடுகளில் அவசரமாகப் பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்கினோம். 2022இல் ரூபாய் சரிந்தபோது புதியதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஆகவே பத்து, பன்னிரண்டு வயதான இயந்திரங்கள் இன்றும் நம் மேசைகளில் உழைக்கின்றன. இந்த நிலையில், 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு நீடிப்பை அறிவித்தது. அதிலிருந்துதான் வீட்டுக்கு வீடு 'புதிதாகப் போட்டுத் தாறேன்' என்று பிள்ளைகள் கிளம்பியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு விடயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்பது வீட்டைப் பராமரிக்கும் வேலைக்காரர் மாதிரி. உங்கள் படங்களும் கணக்குகளும் அலுமாரியில் உள்ள சாமான்கள். வேலைக்காரர் மயங்கி விழுந்தால் கதவு திறக்க ஆள் இல்லை என்பது உண்மைதான். அதற்காக அலுமாரி காலியாகிவிட்டதா? இல்லை. திரை கறுப்பாக இருக்கும்போதும் சாமான்கள் ஹார்ட் டிஸ்கில் வைத்த இடத்திலேயே இருக்கக்கூடும். அவற்றை அழிப்பது பெரும்பாலும் அந்தப் பழுது அல்ல. பதற்றத்தில் நாம் அமர்த்தும் 'ஃபோர்மட்', 'டிலீட்' என்ற இரண்டு சொற்கள்தான். எனவே பொருட்கள் வெளியே வரும்வரை அந்த இரண்டையும் தொடாதீர்கள்; யாரையும் தொட விடாதீர்கள்.

ஏற்கனவே அமர்த்திவிட்டீர்களா? அப்போதும் நம்பிக்கை உண்டு. சுழலும் வகை ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் போடும்போது நடக்கும் ஃபோர்மட், புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரை பக்கங்கள் உள்ளே கிடக்கும். அந்த டிஸ்கை உடனே ஓய்வில் விட்டுவிடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அந்தப் பக்கங்களைத் தேடி எடுத்துத் தரும். மீட்டவற்றை வேறொரு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். ஆனால் எஸ்.எஸ்.டி. என்கிற புதிய வகை டிஸ்கில் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும். அங்கே வாய்ப்பு மிகக் குறைவு.

சரி, சாமானை எப்படி வெளியே எடுப்பது? இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு. விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இலவச மென்பொருள்கள் இவை. டிஸ்கில் எதையும் பதியாமல் பென் ட்ரைவிலிருந்தே ஓடக்கூடியவை. நல்ல நிலையிலுள்ள வேறொரு கணினியில் தரவிறக்கி, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் 8 ஜீ.பி. பென் ட்ரைவ் ஒன்றில் எழுதிக்கொள்ள வேண்டும். (அந்தப் பென் ட்ரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். கல்யாணப் படங்கள் இருக்கும் பென் ட்ரைவை எடுத்துவிடாதீர்கள்!) அதை லெப்டொப்பில் செருகி, இயக்கும்போதே எஃப்12ஐத் தட்டிக்கொண்டிருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். சில வகைகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். பென் ட்ரைவைத் தெரிவு செய்யுங்கள். உபுண்டுவில் 'இன்ஸ்டோல்' என்பதை அமர்த்தாமல் 'ட்ரை' என்பதை அமர்த்துங்கள். மின்ட் என்றால் கேட்காமலேயே மேசைத்திரை வந்துவிடும். அதில் உள்ள 'இன்ஸ்டோல்' சின்னத்தைத் தொடாதீர்கள். டிஸ்கைத் திறந்து, 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள் போனால் உங்கள் பெயரில் எல்லாம் இருக்கும். அங்கே காணாவிட்டால் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறைக்குள்ளும் பாருங்கள். வேறொரு டிஸ்கில் பிரதி எடுங்கள்.

தங்கச்சியின் லெப்டொப்பில் இதைத்தான் செய்தோம். தையல் கணக்கு முதலில் கிடைத்தது. வீடியோ கிடைக்கச் சற்று நேரம் பிடித்தது. கிடைத்ததும் அவர் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் முழுவதையும் பார்த்தார். நான் தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள். அது டிஸ்க் சாகும் சத்தம். ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் சேதம் கூடும். அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. பழைய லெப்டொப்புகளில் அடிப்பக்கம் சில திருகாணிகளைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் கையோடு வந்துவிடும். (முதலில் மின்வயரையும் பற்றரியையும் கழற்றிவிடுங்கள்.) அதைப் போட்டு யூ.எஸ்.பி. வயரால் இன்னொரு கணினியில் இணைக்கும் சிறு பெட்டி கடைகளில் விற்கிறது. இதில் நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ரிப்பேர் கடைக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் குடும்பப் படங்களை யார் பார்ப்பார்களோ என்று எத்தனை சகோதரிகள் தயங்குகிறீர்கள்! நியாயமான தயக்கம். கடைக்காரத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும், நம் வீட்டு அல்பத்தை அவர் மேசையில் ஏன் விரித்து வைக்க வேண்டும்? பழைய டிஸ்கை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கி, 'இதில் போட்டுத் தாருங்கள்' என்று கொடுங்கள். படங்கள் வீட்டை விட்டுப் போகாது. இயந்திரமும் முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஓடும். பழைய லெப்டொப்புக்குச் செலவழிக்க ஒரே ஒரு தடவைதான் பணம் உண்டென்றால், என் தெரிவு இதுதான்.

இனி, 'இந்த டிஸ்கில் போட முடியாது' என்று வந்ததே, அது ஏன்? பழைய டிஸ்குகள் எம்.பி.ஆர். என்ற 1983ஆம் வருடத்து முறையில் பிரிக்கப்பட்டவை. புதிய முறைக்கு ஜீ.பி.டி. என்று பெயர். கணினி தொடங்குவதிலும் அதேபோல் பழைய முறை ஒன்று, யூ.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய முறை ஒன்று. புதிய முறையில் தொடங்கிவிட்டுப் பழைய டிஸ்கைக் காட்டினால் விண்டோஸ் மறுக்கும். டிஸ்க் பழுதல்ல, பூட்டு ஒன்று, சாவி ஒன்று! தொடக்கப் பட்டியலை மறுபடி பாருங்கள். ஒரே பென் ட்ரைவ் இரண்டு தடவை தெரிந்தால், யூ.ஈ.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் இல்லாத வரியைத் தெரிவு செய்தாலே போதும். ஒரு தடவைதான் தெரிகிறதென்றால், ரூஃபஸில் எம்.பி.ஆர். என்று குறித்துப் பென் ட்ரைவை மறுபடி எழுதுங்கள்.

பென் ட்ரைவே தெரியவில்லையா? தரவிறக்கிய கோப்பைப் பாட்டைப் போல அப்படியே பிரதி செய்து வைத்திருப்பார்கள். அது செல்லாது. ரூஃபஸ் மூலமோ மைக்ரோசொப்ட் தரும் கருவி மூலமோ எழுத வேண்டும். பாதியில் நின்றுவிடுகிறதா? வேறு பென் ட்ரைவில் பாருங்கள். அதன் பிறகும் நின்றால் ரேம் அல்லது டிஸ்கில் கோளாறு இருக்கக்கூடும். திகதி எப்போதும் பழைய வருடத்தையே காட்டினால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிறு பற்றரி தீர்ந்திருக்கும். திகதி பிழைத்தால் இணையத்தளங்களும் திறக்க மறுக்கும். மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை.

விண்டோஸ் 11 பற்றி ஒரு வார்த்தை. அதற்கு டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். தங்கச்சியுடையது 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஏற்றலாம்தான். ஆனால் அதற்கு உத்தரவாதம் கிடையாது. நாளை ஒரு திருத்தம் வந்து நின்றுவிட்டால், ஹொஸ்டலுக்குத் திரும்பிப் போன மருமகனையா தேடுவீர்கள்?

அவருக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்.எஃப்.சீ.ஈ. என்ற இலேசான வகையைப் புது எஸ்.எஸ்.டி.யில் போட்டோம். மின்ட் 22க்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். அந்த லெப்டொப்பில் இருக்கும் 4 ஜீ.பி. ரேம் அதற்குப் போதும். எக்செல் கணக்குகள் லிப்ரே ஒபிஸில் திறந்தன. மகள் மட்டும் "இது வேற மாதிரி இருக்கு, உம்மா" என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள். பாடசாலைக்கோ தொழிலுக்கோ விண்டோஸ்தான் வேண்டும் என்றிருப்பவர்கள் விண்டோஸ் 10ஐப் போட்டு, மேலே சொன்ன நீடிப்புக்குப் பதிந்துகொள்ளலாம். முன்பு முறையாக விண்டோஸ் 10 ஓடிய அதே லெப்டொப் என்றால் புதிய உரிமம் வாங்கவும் தேவையில்லை. சாவி இலக்கம் கேட்கும்போது 'என்னிடம் இல்லை' என்று தாண்டிப் போங்கள். பதிந்து முடிந்து இணையத்தில் இணைந்ததும் அதுவே அடையாளம் கண்டுகொள்ளும்.

எதைப் போட்டாலும் காலையில் தொடங்குங்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் நம் ஊவாப் பக்கம் இடி பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். பற்றரி செத்த லெப்டொப் என்றால் யூ.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கியாவது வையுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது தங்கச்சி மறுபடியும் அலறினார். அவருடைய தையல் பாடக் குறிப்புகளைத் திறந்தால், தமிழ் இல்லை! பக்கம் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். இதைக் கண்டுதான் பலர் 'கோப்பு கெட்டுவிட்டது' என்று அழித்துவிடுகிறார்கள். அது பாமினி எழுத்துரு செய்யும் வேலை. பாமினியில் தட்டியது கணினிக்கு ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகக் காட்டும். பழைய டிஸ்கின் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபொன்ட்ஸ்' என்ற இடத்தில் பாமினி இருந்தது. அதைப் பிரதி எடுத்துப் புதியதில் பதிந்ததும் அளவும் தையலும் தமிழில் வந்து உட்கார்ந்தன.

பழைய டிஸ்க் இப்போது அவருடைய அலுமாரியில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் இரண்டையும் கூடவே போட்டு வைத்தோம். வெலிமடைப் பனி யாரையும் விடாது அல்லவா! வாப்பாவின் வீடியோவுக்கு இப்போது மூன்று பிரதிகள்: ஒன்று லெப்டொப்பில், ஒன்று அந்த டின்னில், ஒன்று ராத்தா வீட்டில். மூன்றாவதைப் பென் ட்ரைவில் எடுத்துப் போனவர் அதே மருமகன்தான்.