புதன்கிழமை ராத்திரிக்கு முந்திரி வேண்டாம்

செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் முந்திரித் தோப்புதான். அரியலூர் மாவட்டத்துக்குப் பெருமையான விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் கையில் கிடைக்கிறதே என்று கோழிக்குழம்பில் ஒரு பிடி முந்திரியையும் அரை மூடித் தேங்காயையும் அரைத்து ஊற்றுகிறார்களே, அது விருந்துக்குச் சரி. புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கும் அதே குழம்புதானா?

கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் முந்திரியில் கொழுப்பு மட்டும் சுமார் 44 கிராம். தேங்காயில் 33 கிராம். தோல் உரித்த கோழி நெஞ்சுக்கறியிலோ 3 கிராம்கூட இல்லை. ஆக, ராத்திரி நெஞ்சைக் கரிக்கிறது என்று புலம்புகிற அப்பாக்கள் பழி போட வேண்டியது கோழி மேல் அல்ல... பாவம், அது என்ன செய்யும்!

இன்னொரு பக்கம், இத்தாலிக்காரர்கள். பொலோன்யா நகரத்துக் கறிச்சாஸின் செய்முறையை 1982-ல் அந்த ஊர் வர்த்தக சபையிலேயே பதிவு செய்து வைத்தார்கள். (வர்த்தக சபைக்கு இப்படியும் ஒரு வேலை இருப்பது காமர்ஸ் பாடப்புத்தகத்தில் வராது.) மாட்டுக்கறி, பன்றிக்கறி, சிம்மில் இரண்டு மணி நேரம். நல்ல சாப்பாடுதான். ஆனால் வேலைக்குப் போய்விட்டு ஆறரைக்கு பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒரு அம்மாவால் அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்க முடியுமா? கறி என்றாலே ஞாயிற்றுக்கிழமை என்று ஆகிப் போனதற்கு முக்கால்வாசி காரணம் இந்த நேரக் கணக்குதான். செவ்வாய், வெள்ளி கவிச்சி இல்லை என்பதெல்லாம் மீதிக் கால்வாசி.

இதற்கு வழி பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. பெரம்பலூர் சின்ன வெங்காயம்! குழம்புக்குக் கெட்டித்தன்மை கொடுக்க முந்திரி தேவையே இல்லை. நாலு பேருக்கு 200 கிராம் சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலையோடு உப்புப் போட்டு நிதானமாக வதக்கினால் அதுவே குழைந்து விடும். அப்புறம் இஞ்சி பூண்டு, மூன்று தக்காளி, கொஞ்சம் மிளகாய்த்தூள். தக்காளி மசிந்த பிறகுதான் கறி. நெஞ்சுக்கறி 300 கிராம் வாங்கிக் கொத்துக்கறியாகக் கேட்டால் கடைக்காரர் முனகிக்கொண்டே கொத்திக் கொடுப்பார். ஆரம்பத்திலேயே போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் நெஞ்சுக்கறி சக்கை மாதிரி ஆகிவிடும்; கொழுப்பு இல்லாததால் வரும் வினை அது. கொத்துக்கறிக்கு ஏழெட்டு நிமிஷம் போதும். நடுவில் சிவப்பு தெரியக்கூடாது, அவ்வளவுதான். கடைசியில் மிளகுத்தூள்.

தொட்டுக்கொள்ள பாஸ்தாவே வேண்டும் என்பதில்லை. கோதுமை சேமியா அதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சிதான். நிறைய தண்ணீரில் உப்புப் போட்டு மூன்று நாலு நிமிஷம் வேகவைத்து வடிக்க வேண்டும். வடித்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாமல் ஒரு கரண்டி குழம்பில் சேர்த்தால், அதிலுள்ள மாவுச்சத்து குழம்பைச் சேமியாவோடு ஒட்ட வைக்கும். இந்த ஒரு வித்தையை மட்டும் இத்தாலிக்காரர்களிடம் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

எலும்பு கடிக்காமல் அது என்ன கறி என்று தாத்தாக்கள் கேட்பார்கள். கேட்கட்டும், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. வாரத்தின் நடுவில் முக்கால் மணி நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற கறிச்சோறு இது. சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் முடித்துப் பத்து மணிக்கு மேல் வருகிறவருக்கும் குழம்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு பிடி சேமியாவைப் புதிதாக வேகவைத்துவிடலாம்.