பத்து மணிக்குப் பூட்டும் கேட்டும் 101 வண்டியும்

சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மேற்கு தாம்பரம் பக்கத்து நகர்கள் பலவற்றில் இரவு பத்தானால் தெருமுனை இரும்பு கேட்டுக்குப் பூட்டு விழுந்துவிடும். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். வாட்ச்மேன் எங்கே இருப்பார் என்பது அன்றைய இரவைப் பொறுத்தது. திருட்டுப் பயத்தில் போட்ட பூட்டு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்டுக்கு வெளியே 101 தீயணைப்பு வண்டியோ 108 ஆம்புலன்ஸோ ஹாரன் அடித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? சென்னைத் தென்புறநகர்க் குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஒன்றுகூடி எடுத்த நிலைப்பாடு இந்த அறிக்கை. பூட்டுப் போட்டவர்களே இதில் கையெழுத்திடுகிறார்கள் என்பதால், அரசிடம் கேட்பதைவிடத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்வது இதில் அதிகம்.

நிலைப்பாடு இதுதான்: கூடுதல் தீயணைப்பு நிலையம், கூடுதல் ஆம்புலன்ஸ் என்று கேட்பது நியாயம், சங்கங்களும் கேட்கின்றன. ஆனால் இருக்கிற வண்டி வாசல்வரை வர வழிவிடாத தெரு, முதலில் வழியைக் கொடுக்கட்டும். இரவில் தெரு கேட்டுகளைச் சாத்தி வைக்கலாம், பூட்டக்கூடாது. பூட்டியே தீரவேண்டும் என்று அடம்பிடிக்கும் தெரு, சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் பொறுப்பாளர்களின் கைபேசி எண்களையும் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

அடுத்தது கார். இதில்தான் மனஸ்தாபம் அதிகம். புறநகரில் பழைய லேஅவுட் தெருக்கள் பலவற்றுக்கு அகலம் 20 அடி, அதாவது 6 மீட்டர் சொச்சம். ஒரு காரின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர். இருபுறமும் நிறுத்தினால் 3.6 மீட்டர் போய்விடும். மிச்சம் இரண்டரை மீட்டர். தண்ணீர் ஏற்றிய தீயணைப்பு வண்டியின் அகலமும் சுமார் இரண்டரை மீட்டர்தான். கண்ணாடியை மடக்கினாலும் நகராது. ஓட்டுநர் திறமைசாலியாக இருந்தும் பயனில்லை. அதன் பிறகு வீரர்கள் தெருமுனையிலிருந்தே ஹோஸை விரித்துக்கொண்டு ஓடவேண்டும். ஆகவே 20 அடியும் அதற்குக் குறைவுமான தெருக்களில் ஒருபுறம் மட்டுமே கார். எந்தப் புறம் என்பதை மாதம் மாற்றி மாற்றித் தெருவே முடிவு செய்துகொள்ளலாம். வீட்டுக்குள் கார் நிறுத்த விட்ட இடத்தில் கடை கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, காரைத் தெருவில் நிறுத்துகிறவர்களிடம் சங்கங்கள் இனி கண்டிப்பாகவே பேசும்.

முகவரிச் சிக்கல் வேறு. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி ஆனது. பத்து ஊர்கள் ஒன்றாயின. பத்து ஊர்களின் காந்தி தெருக்களும் காமராஜர் தெருக்களும் கூடவே வந்துவிட்டன. ராத்திரி ஒரு மணிக்கு, பதறிய குரலில், "காந்தி தெருங்க, பிள்ளையார் கோயில் பக்கம்" என்று ஒருவர் 108-க்குச் சொன்னால், எந்தக் காந்தி தெரு, எந்தப் பிள்ளையார்? பழைய எண், புதிய எண், பிளாட் எண் என்று ஒரே வீட்டுக்கு மூன்று எண்கள் இருக்கும் இடங்களும் உண்டு. தெருப் பெயர்ப் பலகையில் பகுதியின் பெயர், வார்டு எண், இரவில் ஒளிரும் எழுத்து ஆகிய மூன்றும் இருக்கவேண்டும் என்று மாநகராட்சியைச் சங்கங்கள் கேட்டுக்கொள்கின்றன. அதுவரை, அழைத்த வீட்டிலிருந்து ஒருவர் டார்ச்சோடு தெருமுனைக்கு வந்து நிற்கவேண்டும். காசு செலவில்லாத ஏற்பாடு.

ஜி.எஸ்.டி. சாலையைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் பெருங்களத்தூர் முதல் வண்டலூர் தாண்டி வரை வண்டிகள் ஊர்கின்றன. அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஒதுங்க இடமே இல்லாத நெரிசலில் அபராதத்துக்குப் பயந்து யார் எங்கே ஒதுங்குவது? பண்டிகை நாட்களில் ஒரு தடத்தைத் தடுப்பு வைத்து அவசர ஊர்திகளுக்கென்றே காலியாக வைக்கும்படி காவல்துறையிடம் சங்கங்கள் கோருகின்றன.

வேடிக்கை பார்ப்பவர்கள் விஷயத்தில் சங்கங்கள் மென்மையாகப் பேசத் தயாராக இல்லை. 2017 ஜூலையில் வடசென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் நள்ளிரவில் தீப்பிடித்தது. அணைக்கும் பணி நடக்கும்போதே சமையல் எரிவாயு சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். கூடி நின்றவர்கள் உட்பட 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மூன்றாண்டு கழித்து, 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் பழைய கட்டடம் இடிந்து விழுந்து மாண்டார்கள். உள்ளே எத்தனை சிலிண்டர், எந்தச் சுவர் பலவீனம், மெயின் சுவிட்ச் எங்கே என்பதை வாசலில் நின்று சொல்ல ஒருவர் போதும். மற்றவர்கள் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு நூறடி தள்ளிப் போகட்டும். குடியிருப்பு வளாகங்கள் சிலிண்டர் வைத்திருக்கும் இடத்தையும் மின் இணைப்பைத் துண்டிக்கும் இடத்தையும் காட்டும் வரைபடத்தைக் காவலர் அறையில் மாட்டி வைக்கவேண்டும்.

இனி ஆம்புலன்ஸிலும் தீயணைப்பு வண்டியிலும் வருகிறவர்களைப் பற்றி.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் இரண்டே பேர்: பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநர், இ.எம்.டி. என்கிற அவசர மருத்துவ உதவியாளர். மாடிப்படியில் நோயாளியைத் தூக்கி இறக்குவது முதல் ஓடும் வண்டியில் பிரசவம் பார்ப்பது வரை அந்த இருவரே. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். எட்டு மணி நேரமாக்கச் சொல்லி அவர்களுடைய தொழிற்சங்கம் நெடுநாளாகக் கேட்கிறது. அந்தக் கோரிக்கையைக் குடியிருப்போர் சங்கங்கள் முழுமையாக ஆதரிக்கின்றன. இது இரக்கத்தில் எடுத்த முடிவு அல்ல: பதினோராவது மணி நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டுகிறவரின் கையில்தான் நம் வீட்டு அம்மாவின் உயிர் இருக்கிறது. லிஃப்ட் உள்ள அடுக்ககங்கள் ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்கு லிஃப்ட் இருக்கிறதா என்று அளந்து பார்க்கட்டும். இல்லையென்றால், தூக்கிக்கொண்டு இறங்க நான்கு இளைஞர்களின் பெயர்ப்பட்டியல் தயாராக இருக்கட்டும்.

மருத்துவமனை வாசலிலும் நேரம் போகிறது. நோயாளியை ஒப்படைத்து, வண்டியின் ஸ்ட்ரெச்சர் கைக்குத் திரும்பும்வரை ஆம்புலன்ஸ் அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை இந்த ஒப்படைப்புக்கு 15 நிமிடம் என்று இலக்கு வைத்திருக்கிறது. அங்கேயே அதை எட்ட முடியாமல் திணறுகிறார்கள் என்பது வேறு கதை. குறைந்தபட்சம் அந்த நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கமாவது குரோம்பேட்டை, செங்கல்பட்டு அரசு மருத்துவமனைகளில் வரவேண்டும்; மாற்று ஸ்ட்ரெச்சர்கள் வாசலிலேயே இருக்கவேண்டும். வண்டி தாமதம் என்று பைலட்டின் சட்டையைப் பிடிப்பவர்களுக்காக மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் 2008-லிருந்தே இருக்கிறது. எந்த உறுப்பினர் அப்படி நடந்துகொண்டாலும் சங்கம் அவருக்காகக் காவல் நிலையத்தில் சமரசம் பேசாது.

வெள்ளத்தை மறக்க இந்தப் பகுதிக்கு வசதியில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது காரப்பாக்கத்தில் நடிகர் ஆமிர் கானைப் படகில் மீட்டவர்களும் தீயணைப்புத் துறையினர்தான். படம் நாடு முழுக்கச் சுற்றியது. சாக்கடை கலந்த அந்தத் தண்ணீரில் நாள் முழுக்க இடுப்பளவு நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை, டெட்டனஸ் ஊசி, மாற்று உடை, உலர்ந்த இடத்தில் இரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கல்யாண மண்டபத்தையோ சங்கக் கட்டடத்தையோ மீட்புக் குழுவினர் தங்க ஒதுக்குவது என்று சங்கங்கள் முடிவு செய்திருக்கின்றன.

கண்ணில் படாத ஆபத்தும் உண்டு. தீயணைப்புப் பணியே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் முதல் பிரிவில் வகைப்படுத்தியது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் பிரிவு அது. அதே ஆண்டு ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாட்கணக்கில் எரிந்தது. சுற்றுவட்டார மக்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். வீரர்கள் அந்தப் புகைக்குள் நின்றார்கள். மாநிலம் முழுவதற்குமான தீயணைப்புப் பயிற்சி மையம் தாம்பரத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் இரண்டாவது பாதுகாப்பு உடை, புகை படிந்த உடையை நிலையத்திலேயே துவைக்கும் இயந்திரம், ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை ஆகியவற்றை இங்கிருந்தே அரசு தொடங்கினால் நன்றாயிருக்கும். அழுக்கு உடையை வீட்டுக்கு எடுத்துப் போனால் நஞ்சும் கூடவே போகும்.

பாம்பு பிடிக்கத் தீயணைப்புத் துறையை அழைப்பது தவறா என்று கேட்கிறார்கள். தவறில்லை; நன்மங்கலம் காட்டுக்கும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கும் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்குச் சாரையும் நல்லபாம்பும் அண்டைவீட்டார். பூனை பால்கனியில் இறங்க மறுக்கிறது என்று அழைப்பதற்குமுன் மட்டும் ஒரு நிமிடம் யோசிக்கலாம். அந்த நேரத்தில் வேறெங்கோ கிணற்றில் ஒரு குழந்தை விழுந்திருக்கலாம்.

ஒரு விஷயத்தில் சங்கங்களுக்குள் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. பள்ளிக்கூடத் தெருக்களில் வேகத்தடை வேண்டும் என்பவர்கள் பாதி. முதுகெலும்பு அடிபட்டவரை ஏற்றி வரும் ஆம்புலன்ஸை அது உலுக்குகிறது என்பவர்கள் பாதி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்கவேண்டும். தெருக்காரர்கள் காண்ட்ராக்டரைப் பிடித்து இரவோடு இரவாகப் போடும் குட்டிச்சுவர்களுக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமில்லை. அளவு மீறியவற்றை மாநகராட்சி இடித்துத் தள்ளலாம், சங்கங்கள் தடுக்காது. அளவுக்குட்பட்டவற்றை எங்கே வைப்பது என்பதை 108 பைலட்டுகளையும் தீயணைப்பு ஓட்டுநர்களையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு சங்கங்கள் தனியாக அறிவிக்கும்.