‘பிரேக் பிடிக்கல’ என்பது ஒரு பதிலா?

ஊவாவில் ஒரு வாகனம் பள்ளத்தில் போய் விழுந்தால் முதலில் வரும் கேள்வி “எத்தனை பேரு?” இரண்டாவது கேள்வி “எப்படி?” அதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “பிரேக் பிடிக்கலையாம்.” அதோடு பேச்சு முடிந்துவிடும். மழை பெய்தது, இடி விழுந்தது என்பதுபோல பிரேக்கும் பிடிக்காமல் போனது. யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று ஒரு பெருமூச்சு. இந்தப் பெருமூச்சோடுதான் எனக்குப் பிரச்சினை.

2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில், 24ஆம் கட்டைக்கு அருகில், தங்காலையிலிருந்து சுற்றுலா வந்த பஸ் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 15 பேர் செத்துப்போனார்கள். அப்போதும் செய்திகளிலும் கடைத்தெருக்களிலும் அதிகம் அடிபட்ட சொல் பிரேக். எல்லா விபத்துக்கும் பிரேக்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் விழுந்த இடத்தில், சரிந்து விழுந்த பாறை வீதியின் ஒரு பக்கத்தை மறித்துக்கொண்டு கிடந்தது. அது வேறு கதை. ஆனால் பிரேக் காரணமாகும்போது அது விதி இல்லை. அதற்குப் பின்னால் ஒரு இயக்கம் இருக்கிறது. அந்த இயக்கத்தை விளங்கிக்கொள்ளலாம், முன்கூட்டியே பார்க்கலாம், அதில் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே, பெடலை மிதிக்க ஆள் இல்லாமலேயே செய்யலாம். தெரிந்துகொள்வது நம்ம வயசுப் பிள்ளைகளின் வேலை என்பதுதான் என் கட்சி.

முதலில் கணக்கைப் பாருங்கள். எல்ல கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய 200 மீட்டர் அளவில். ஒரு டன் எடையுள்ள கார் இந்த 800 மீட்டரை இறங்கும்போது சுமார் 78 இலட்சம் ஜூல் சக்தி எங்காவது போயாக வேண்டும். இருபது லீற்றர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்க இது தாராளமாகப் போதும். சின்ன கியரில் இறங்கினால் இதில் பெரும் பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு, பெட்ரோல் மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இறங்கினால் ஏறக்குறைய அத்தனையும் பிரேக்கின் தலையில்தான்.

பிரேக் ஒயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் இல்லை. அது கிளைக்கோல் வகை திரவம், காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். புதிய டொட் 3 திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4க்கு இது 230, 155. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே கொதித்து ஆவி வந்ததும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. காலையில் பதுளை டவுனில் நன்றாகப் பிடித்த பிரேக், மத்தியானம் நீண்ட இறக்கத்தில் கைவிடுவது இதனால்தான். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்பப் பிடிக்கும். பிறகு “பாத்தா ஒண்ணும் இல்லையே” என்று திரும்பவும் ஓடுவோம்.

பழைய திரவத்தையும் உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்றுவதைத்தான் கராஜில் ‘எயார் எடுக்கிறது’ என்பார்கள். பாஸ் சக்கரத்துக்குக் கீழே படுத்திருப்பார். ஒரு பொடியன் சீட்டில் உட்கார்ந்திருப்பான். “மிதி... பிடி... விடு.” அந்தப் பொடியன் அநேகமாக ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளையாக இருப்பான். ஏன் மிதிக்கிறோம் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் காலை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், மூளையை இல்லை.

அந்தக் கால் இல்லாமலேயே வேலை நடக்கும். சக்கரத்துப் பிரேக்கில் இருக்கும் நிப்பலில் இறுக்கமாகப் பொருந்துகிற, உள்ளே தெரிகிற ட்யூப் ஒன்றை மாட்டுங்கள். ட்யூப் முதலில் நிப்பலுக்கு மேலே ஏறி, பிறகு வளைந்து ஒரு போத்தலுக்குள் இறங்க வேண்டும். போத்தலில் கொஞ்சம் புதிய பிரேக் ஒயில் ஊற்றி, ட்யூப்பின் நுனி அதில் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். நிப்பலைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, போய் பெடலை மெதுவாக மிதித்து மெதுவாக விடுங்கள். காற்றுக் குமிழி மேலே போய்விடும். பெடல் திரும்பும்போது ட்யூப்பில் நிற்கிற திரவம்தான் பின்னோக்கி வரும், காற்று வராது. குமிழி நின்று, தெளிந்த திரவம் வந்ததும் நிப்பலை இறுக்குங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துக்கு வருவது வழமை. சில வாகனங்களுக்கு வரிசை வேறு, அதன் புத்தகத்தைப் பாருங்கள். இடையிடையே மேலே உள்ள டாங்கியை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது ஒருமுறை காலியானால் காற்று மேலிருந்து புகுந்துவிடும், முழு வேலையும் முதலிலிருந்து. பைக்கின் முன் டிஸ்க் பிரேக் இன்னும் சுலபம். ஒரு கையில் லீவர், மறு கையில் ஸ்பேனர், அவ்வளவுதான்.

“இதையெல்லாம் வீட்டில் செய்யச் சொல்கிறாயே, ஆபத்தில்லையா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வீட்டில் செய்யாதே என்று சொல்வதால் யாரும் கராஜுக்குப் போய்விடுவதில்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் தனியார் வாகனங்களுக்குத் திறந்தபோதும் விலை நமக்கு எட்டாது. எனவே பழைய பைக்கையும் பழைய ஓட்டோவையும்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நிலைமையில் மக்கள் ஏற்கனவே வீட்டில் செய்கிறார்கள். ஒயில் குறைந்தால் கையில் கிடைத்ததை ஊற்றுகிறார்கள். எனவே, செய்வதா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. தெரிந்து செய்கிறோமா என்று கேட்க வேண்டும்.

தெரிந்து செய்வது என்றால் எல்லையும் தெரிந்திருப்பது. எயார் எடுத்து ஒரு வாரத்தில் பெடல் திரும்பப் பஞ்சானால் நோய் காற்று இல்லை. மாஸ்டர் சிலிண்டர் சீலோ, ஹோஸோ, சக்கரத்து சிலிண்டரோ போயிருக்கிறது. டாங்கியில் ஒயில் குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது. அப்போது திரும்பத் திரும்ப எயார் எடுப்பது காய்ச்சலுக்குப் பனடோல் போட்டு மறைப்பதுபோல. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பிரேக்கைக் கணினி நடத்துகிறது. அதற்குத் தனிக் கருவி வேண்டும், வாசலில் கைவைக்க வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போகவே கூடாது. மூடியில் டொட் 3 என்றோ 4 என்றோ போட்டிருப்பதைத் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது. வடித்த ஒயிலைத் திரும்ப ஊற்றக்கூடாது, பீலிப் பக்கம் கொட்டவும் கூடாது. அது விஷம். சோடா போத்தலில் பிடித்தால் மேலே எழுதி வையுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு.

முடித்த பிறகு எஞ்சினை நிறுத்தியபடியே பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். இறங்காவிட்டால் நிப்பல்களில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு ஸ்டோர் முற்றமோ கோயில் முன்னாலோ, தோட்டத்தில் கிடைக்கிற ஒரு துண்டுச் சமதரையில் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் மட்டும் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். மிதிப்பதற்கு ஆள் தேவையில்லை, சரிபார்க்க ஒரு ஆள் தேவை. செய்த கைக்கு அதன் பிழை தெரியாது.

இதையெல்லாம் எழுதுவதால், பழி முழுக்க ஓட்டுகிறவன் மேல் என்று ஆகிவிடக்கூடாது. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். புகையை அளக்கிற அந்த இடத்தில் பிரேக்கை யாரும் அளப்பதில்லை. மலை இறங்கியே வாழ வேண்டிய மாகாணத்தில் இது என்ன நியாயம்? பிரேக் சோதனையையும் அதோடு சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் தோட்டத்துக்கே வந்து தமிழில் ஒரு நாள் சொல்லிக்கொடுக்க வேண்டும், பொடியன்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. கராஜில் வருடக்கணக்காக மிதித்தவனுக்கு, அவன் கற்றதைச் சோதித்து என்விகியூ சான்றிதழ் கொடுக்க வழி ஏற்கனவே இருக்கிறது. அதை அவனுக்கு எடுத்துச் சொல்கிற ஆள்தான் இல்லை.

அதுவரை நாமாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்தக் கிழமை உங்கள் வீட்டு பைக்கோ ஓட்டோவோ, அதன் பிரேக் ஒயிலின் நிறத்தை ஒருக்கா பாருங்கள். தேன் நிறமாக இருந்தால் சந்தோஷம், ஆனாலும் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாது. பிளேன்டி நிறத்தில் இருந்தால், அடுத்த இறக்கத்துக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.