அம்மாவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்

படிவம் ஒன்றில் சேரும் மாணவிகள் வீட்டுக்குக் கொண்டுவரும் தாள்களுள் ஒன்று, எச்.பி.வி. தடுப்பூசிக்கான அனுமதிக் கடிதம். அம்மா கையெழுத்திடுகிறார்; மகள் அதைப் புத்தகப்பையில் வைக்கிறாள். அது எதற்கான ஊசி என்று பல வீடுகளில் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

அண்மையில் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள என் தோழிகள் சிலரிடம் கேட்டேன். ஊசி போட்டது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. எந்த நோயைத் தடுக்க என்று சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. "பொம்பளப் பிள்ளைங்களுக்குப் போடுற ஊசி" என்பதோடு பலரின் பதில் முடிந்துவிட்டது.

எச்.பி.வி. என்பது பெரும்பாலும் உடலுறவின்வழி பரவும் வைரஸ். பெரும்பாலோரின் உடல் அதைத் தானாகவே விரட்டிவிடும். சிலரின் உடலில் மட்டும் அது பல ஆண்டுகள் தங்கி, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது. இந்த உண்மையைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் 2010 முதல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்பட்டது.

"சின்னப் பிள்ளைக்கு இப்பவே எதுக்கு?" என்று தயங்கும் அம்மாக்கள் உண்டு. தடுப்பூசி, உடலில் புகுந்துவிட்ட வைரஸை விரட்டாது. புகாமல் தடுக்கவே செய்யும். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதான் இதுவும். ஹெப்பாடைடிஸ் பி வைரஸும் உடலுறவின்வழி பரவக்கூடியதே. அதற்கான ஊசியை 1989 முதல் இந்நாட்டில் பிறந்த குழந்தைக்கே போடுகிறோம். அந்தக் குழந்தையின் ஒழுக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. பிறகு 13 வயது மகள் விஷயத்தில் மட்டும் ஏன் கூச்சம்?

பலனுக்கும் சான்று உண்டு. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடையே ஒருவருக்குக்கூட இப்புற்றுநோய் காணப்படவில்லை என 2024இல் வெளியான ஆய்வு கூறியது. இது பெண்களின் கவலை மட்டுமன்று. ஆண்களுக்கும் தொண்டைப் புற்றுநோய் போன்றவற்றை இவ்வைரஸ் தரக்கூடும். ஆஸ்திரேலியா 2013 முதல் மாணவர்களுக்கும் இந்த ஊசியைப் போடுகிறது.

ஆனால், என்னை உறுத்துவது வேறொன்று. மகளுக்காகக் கையெழுத்திடும் அம்மாவின் பள்ளிக்காலத்தில் இந்த ஊசியே கிடையாது. அவருக்கு உள்ள பாதுகாப்பு, பரிசோதனைதான். பெண்கள் 35 வயதுக்குள்ளும், மீண்டும் 45 வயதுக்குள்ளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் இலக்கு. கூச்சத்தால் கிளினிக் பக்கம் போகாதவர்களை மனத்தில் கொண்டே மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றுடன் இணைந்து, 2018இல் 'ரோஸ்' திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது. இதில் பெண்கள் தாங்களே சில நிமிடங்களில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். முடிவு கைப்பேசிக்கு வரும். ஊசி போட்ட நாமும் பிற்காலத்தில் பரிசோதனையைத் தவிர்க்கக்கூடாது. எச்.பி.வி. வகைகள் அனைத்தையும் தடுப்பூசி தடுப்பதில்லை.

தங்கைகளே, நம் காய்ச்சலுக்கு விடுப்பு எடுக்கும் அம்மா, தம் உடம்புக்கென்று ஒரு நாளும் எடுப்பதில்லை. இந்த வாரமே கேளுங்கள்: "அம்மா, நீங்க டெஸ்ட் எடுத்தாச்சா?" இல்லை என்றால், சனிக்கிழமைக்காகக் காத்திருக்காமல் கிளினிக்குக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.